வார்பரின் குளிசை எடுக்கும் எங்கள் உறவுகளுக்கு

பொல்பிட்டிய, லக்சபான, நோர்ட்டன் பிரிட்ஜ், கினிகத்தேனைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து, இரத்தம் கட்டாமல் இருப்பதற்கான குளிசைக்காக மாதாமாதம் கிளினிக் போகும் அக்காமார், அண்ணன்மார், பெரியவர்கள் எல்லோருக்கும், துணைக்குப் போகும் பிள்ளைகளுக்கும் இந்த மடல்.

கொஞ்ச நாளாக ஒரு செய்தி போனில் சுற்றுகிறது. ஆர்.என்.ஏ. என்று ஒரு புது மருந்து வந்துவிட்டதாம். வருஷத்துக்கு இரண்டு ஊசி போட்டால் போதுமாம். வார்பரினைத் தூக்கிப் போட்டுவிடலாமாம். எங்கள் லயத்தில் இதய வால்வு மாற்றிய பெரியம்மா ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, "அப்படின்னா இந்தக் குளிசைய நிப்பாட்டிறவா தம்பி?" என்று என்னிடம் கேட்டார். விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் என்பதால் என்னிடம் வந்தார். அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

நிப்பாட்டக் கூடாது. டொக்டர் சொல்லாமல் ஒரு நாள் கூட நிப்பாட்டக் கூடாது. இரத்தக் கட்டியைத் தடுப்பதற்கென்று அங்கீகாரம் பெற்ற ஆர்.என்.ஏ. மருந்து இந்த மடலை எழுதும் நாள் வரை உலகில் எங்கும் இல்லை. இருப்பவை எல்லாம் சோதனையில் இருப்பவை, அவற்றில் பல ஆரம்பச் சோதனையில் இருப்பவை. அந்த "ஆரம்பச் சோதனை" என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் இன்றைக்கு வதந்தி நம்மை ஏமாற்றும், நாளைக்கு வேறு யாராவது ஏமாற்றுவார்கள்.

நம்மில் பலர் ஏன் இந்தக் குளிசையை எடுக்கிறோம் என்பதிலிருந்து தொடங்குகிறேன். சின்ன வயதில் தொண்டை நோவு. சில கிழமைகள் கழித்து மூட்டுகள் வீங்கி ஒரு காய்ச்சல். அந்தத் தொண்டை நோவுக்குக் காரணமான கிருமி, நெருக்கமான காம்பராவில் ஒரு பிள்ளையிடமிருந்து அடுத்த பிள்ளைக்கும் தொற்றும். வாதக் காய்ச்சல் என்று அப்போதே கண்டுபிடித்துப் பெனிசிலின் ஊசியை ஒழுங்காகப் போட்டிருந்தால் பலருடைய இதயம் தப்பியிருக்கும். தப்பாதவர்களுக்கு வால்வு சுருங்கியது, இதயத் துடிப்பு தாளம் தவறியது. சிலருக்குக் கண்டியிலோ கொழும்பிலோ நெஞ்சைத் திறந்து உலோக வால்வு வைத்தார்கள். தாளம் தவறிய இதயத்திலும் உலோக வால்விலும் இரத்தம் கட்டிபடும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். காலில் கட்டிபட்டு நுரையீரலுக்குப் போகிற வகையும் உண்டு, அது பிரசவத்துக்குப் பிறகும் பெரிய சத்திரசிகிச்சைக்குப் பிறகும் வரும். இவ்வளவையும் தடுத்துக்கொண்டிருப்பது அந்தச் சின்னக் குளிசைதான்.

இரத்தம் கட்டாமல் செய்யும் பொருளை இந்த மலையில் வேலை செய்கிற எல்லோரும் நேரில் பார்த்திருக்கிறோம். மழைக் காலத்தில் கொழுந்து மலைக்குப் போகும்போது சவர்க்காரமோ சுண்ணாம்போ காலில் பூசிக்கொண்டுதான் போகிறார்கள். அதையும் மீறி அட்டை ஏறிவிடும். குடித்து முடித்து அது தானாக விழுந்த பிறகும் அந்த இடத்திலிருந்து இரத்தம் வடிந்துகொண்டே இருக்கும். துணியால் அமுக்கினாலும் நிற்காது, படங்கு நனையும். அட்டையின் எச்சில்தான் காரணம். ஐரோப்பிய மருத்துவ அட்டையிலிருந்து எடுத்த சாறு இரத்தத்தை உறையவிடாது என்று ஜோன் பெரி ஹேக்ராஃப்ட் என்ற பிரித்தானிய ஆய்வாளர் 1884 இல் காட்டினார். பின்னால் அதற்கு ஹிருடின் என்று பெயர் வந்தது. அதை மாதிரியாக வைத்து ஆய்வுகூடத்தில் செய்த பிவலிருடின் என்ற ஊசி மருந்து இன்று இதய இரத்தக் குழாய் அடைப்பை எடுக்கும்போது பயன்படுகிறது. இந்தப் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சத்தில் மீண்டும் வரும்.

வார்பரினும் வயலிலிருந்து வந்ததுதான். 1920களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் பூஞ்சணம் பிடித்த ஒருவகைத் தீவனச் செடியைத் தின்ற மாடுகள் இரத்தம் கசிந்து செத்தன. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்க் என்பவருடைய குழு அதற்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்தது. அந்த வழியில் செய்யப்பட்ட வார்பரின் முதலில் எலி மருந்தாக விற்பனைக்கு வந்து, 1954 இல் மனிதருக்கான மருந்தானது. ஈரலில் இரத்தம் உறைவதற்கான புரதங்கள் உண்டாக உயிர்ச்சத்து கே தேவை, அந்த வேலையைத்தான் வார்பரின் தடுக்கிறது. பச்சைக் கீரையில் உயிர்ச்சத்து கே இருக்கிறது. டொக்டர் கீரையைப் பற்றி விசாரிப்பது இதனால்தான். வல்லாரையையும் பொன்னாங்கண்ணியையும் அடியோடு விட்டுவிடத் தேவையில்லை. ஒரு கிழமை அள்ளிச் சாப்பிட்டு மறு கிழமை தொடாமல் இருக்கிற பழக்கம்தான் கூடாது. தேத்தண்ணிக்குப் பயப்படுகிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன்: காய்ந்த தேயிலையில் அந்தச் சத்து நிறைய இருந்தாலும் ஊற்றிய சாயத்தில் மிகக் கொஞ்சம்தான் இறங்கும். கடையில் வாங்கும் வலிக் குளிசைதான் உண்மையான ஆபத்து. டொக்டரைக் கேட்காமல் அதை வாங்கிப் போடாதீர்கள்.

இப்போது ஆர்.என்.ஏ. அந்தப் பெயரைக் கேட்டாலே கொரோனா ஊசி ஞாபகம் வந்து சிலர் மிரளுகிறார்கள். ஆர்.என்.ஏ. நமது ஒவ்வொரு கலத்துக்குள்ளும் எப்போதும் இருக்கிற பொருள். எந்தப் புரதத்தைச் செய்ய வேண்டும் என்று தோட்டத்து ஒபிஸிலிருந்து மலைக்கு வரும் சீட்டு மாதிரி அது செய்தி கொண்டு போகிறது. சீட்டை வழியிலேயே கிழித்துவிட்டால் அந்த வேலை நடக்காது. ஒரு வகை மருந்து செய்வது அதைத்தான்: குட்டையான ஆர்.என்.ஏ. துண்டு ஒன்று ஈரலுக்குள் போய், உறைவுக்கான ஒரு குறிப்பிட்ட புரதத்தின் செய்தியை மட்டும் அழித்துவிடுகிறது. இன்னொரு வகையில் ஆர்.என்.ஏ. இழையே குறிப்பிட்ட வடிவத்தில் மடிந்து, இரத்தத்தில் ஓடும் உறைவுப் புரதத்தை நேராகப் போய்ப் பிடித்துக்கொள்கிறது. 2021 இல் கோவிஷீல்ட் போட்டுக்கொண்ட மிகச் சிலருக்கு இரத்தக் கட்டி வந்ததை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது ஆர்.என்.ஏ. ஊசி அல்ல. அந்த ஆண்டுக் கடைசியில் நம்மில் பலருக்குப் பூஸ்டராகப் போட்ட ஃபைசர்தான் ஆர்.என்.ஏ. ஊசி.

இரண்டாவது வகை மருந்தின் கதையைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஆரம்பச் சோதனை என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கதை எனக்குத் தெரியாது.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் புரூஸ் சலெஞ்சர், கிறிஸ்டோபர் ரஸ்கோனி ஆகியோரின் குழு, உறைவுப் புரதங்களில் ஒன்பதாம் எண்ணுடையதைப் பிடித்துக்கொள்ளும் ஆர்.என்.ஏ. ஒன்றை 2002 இல் உலகுக்கு அறிவித்தது. அதோடு மாற்று மருந்தையும் செய்திருந்தார்கள். முதல் இழையோடு பொருந்தும் இன்னொரு இழையை ஏற்றினால் அது போய் ஒட்டி மடிப்பை அவிழ்த்துவிடும், மருந்தின் பிடி விட்டுவிடும். இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நமக்குத் தெரியும். வார்பரின் எடுக்கும் ஒருவருக்குக் கவ்வாத்துக் கத்தி ஆழமாக வெட்டிவிட்டது என்று வையுங்கள். உயிர்ச்சத்து கே ஊசி போட்டாலும் அது வேலை செய்யப் பல மணி நேரம் எடுக்கும். இரத்தமோ பிளாஸ்மாவோ ஏற்ற வேண்டும் என்றால், இந்த வளைவுப் பாதையில் பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் போக வேண்டும். ஓரிரு நிமிடத்தில் மருந்தை அணைத்துவிடலாம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

முதற்கட்டச் சோதனையில் 85 பேர். எல்லோரும் நோயில்லாத தன்னார்வலர்கள். அவர்களுக்கு மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுத்து, மூன்று மணி நேரம் கழித்து மாற்று மருந்தை ஏற்றினார்கள். இரத்தம் உறையும் நேரம் நிமிடங்களுக்குள் பழைய நிலைக்குத் திரும்பியது. 2006 இல் முடிவு வெளிவந்தபோது அது நல்ல செய்திதான். ஆனால் அந்தக் கட்டத்தில் யாருடைய நோயும் குணமாகவில்லை, யாருக்கும் கட்டி தடுக்கப்பட்டதாக நிரூபிக்கப்படவும் இல்லை. எவ்வளவு கொடுத்தால் உடம்பு தாங்கும், மருந்து உடம்பில் எப்படி நடந்துகொள்கிறது என்பதை மட்டும்தான் அங்கே பார்த்தார்கள். முதற்கட்டம் என்றால் அவ்வளவுதான்.

அடுத்து இதய நோயாளிகள் 640 பேரிடம் சோதித்தார்கள். மூன்று பேருக்கு ஒவ்வாமை போன்ற கடும் எதிர்வினை வந்தது. பிறகு பெரிய சோதனை. 13,200 பேரைச் சேர்ப்பதாகத் திட்டம். ஒரு பாதிக்கு இந்த ஆர்.என்.ஏ. மருந்து, மறு பாதிக்குப் பிவலிருடின், அதாவது அட்டையின் எச்சிலிலிருந்து கற்றுக்கொண்ட மருந்து. 3,232 பேர் சேர்ந்திருந்தபோது, 2014 ஜூலையில், சோதனை நிறுத்தப்பட்டது. ஆர்.என்.ஏ. மருந்து பெற்ற 1,605 பேரில் 10 பேருக்குக் கடுமையான ஒவ்வாமை, அவர்களில் ஒருவர் இறந்துபோனார். மறு பக்கத்தில் 1,601 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி வந்தது. மாரடைப்பையும் பக்கவாதத்தையும் தடுப்பதிலும் புதிய மருந்து பழையதை முந்தவில்லை.

ஒவ்வாமைக்குக் காரணம் ஆர்.என்.ஏ. இல்லை என்று பின்னால் தெரிந்தது. மருந்து இரத்தத்தில் நீண்ட நேரம் தங்குவதற்காக அதோடு இணைத்திருந்த பொலிஎத்திலீன் கிளைக்கோல் என்ற பொருளுக்கு எதிராகச் சிலருடைய உடம்பில் ஏற்கெனவே எதிர்ப்பு இருந்திருக்கிறது. அந்தப் பொருள் வெளிநாட்டாருக்கு மட்டும் உரியது இல்லை, கிரீம்களிலும் பேதி மருந்துகளிலும் இருக்கிறது. 85 பேரைப் பார்த்தபோது இந்த ஆபத்து தெளிவாகத் தெரியவில்லை. 640 பேரைப் பார்த்தபோது நிழலாகத் தெரிந்தது. ஆயிரக்கணக்கானவர்களைப் பார்த்த பிறகுதான் முகம் தெரிந்தது. "ஆரம்பச் சோதனையில் வெற்றி" என்று போனில் ஒரு செய்தி வந்தால், உங்கள் முதல் கேள்வி "எத்தனை பேரிடம்?" என்பதாக இருக்கட்டும்.

அந்தச் சோதனை நிறுத்தப்பட்டதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கண்காணித்தவர்கள் கண்ணை மூடிக்கொள்ளவில்லை, மீதி ஏறக்குறைய பத்தாயிரம் பேர் அந்தச் சோதனைக்குள் போகவில்லை. இறந்துபோன அந்த முகம் தெரியாத மனிதருக்கு நாம் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம். நாளைக்கு இந்த வகையில் நல்ல மருந்து ஒன்று வந்தால், அதில் அவருடைய உயிரும் கலந்திருக்கும்.

செய்தியை அழிக்கும் மருந்துகளின் கதை வேறு. பதினொன்றாம் எண் உறைவுப் புரதம் பிறவியிலேயே குறைவாக உள்ளவர்கள் உலகில் இருக்கிறார்கள், குறிப்பாகக் கிழக்கு ஐரோப்பிய யூதர்களிடையே. அவர்களுக்குக் காலில் இரத்தக் கட்டி வருவது குறைவு, தானாக இரத்தம் கசிவதும் அபூர்வம். கட்டியையும் தடுத்து, இரத்தக் கசிவையும் கூட்டாத வழி அங்கே இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் நினைத்தார்கள். ஈரலில் அந்தப் புரதத்தின் ஆர்.என்.ஏ.யைக் குறிவைக்கும் ஊசி ஒன்றை முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சை செய்யும் 300 பேரிடம் சோதித்து, 2014 டிசம்பரில் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான எனொக்ஸபரின் ஊசி போட்டவர்களில் 30 சதவீதத்தினருக்குக் கட்டி காணப்பட்டது. புதிய மருந்தைக் கூடிய அளவில் பெற்றவர்களில் 4 சதவீதம். இரத்தக் கசிவும் அவர்களிடம் குறைவு. உலகமே திரும்பிப் பார்த்த எண்கள் இவை. ஆனால் 300 பேர்தான் என்பதையும், சத்திரசிகிச்சைக்கு 36 நாள் முன்பே ஊசியைத் தொடங்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். அதே புரதத்தைக் குறிவைக்கும், மாதக்கணக்கில் வேலை செய்யக்கூடிய புதிய ஆர்.என்.ஏ. ஊசிகள் இப்போது முதலிரண்டு கட்டங்களில் இருக்கின்றன. போனில் சுற்றும் செய்தியின் வேர் அங்கேதான் இருக்க வேண்டும்.

வருஷத்துக்கு இரண்டு ஊசி என்பதும் வெறும் கற்பனை இல்லை. கெட்ட கொழுப்பைக் குறைக்கும் இன்கிளிசிரான் என்ற ஆர்.என்.ஏ. ஊசி அப்படித்தான் போடப்படுகிறது, ஐரோப்பா அதை 2020 இலேயே அங்கீகரித்தது. நமக்கு அந்த மாதிரி ஒன்று கிடைத்தால் என்ன ஆகும் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். கிளினிக் நாளில் போகிற பேர், அதாவது நாட்கூலி, மிஞ்சும். காலை முதல் பஸ்ஸுக்காகப் பனியில் நிற்க வேண்டாம். இரத்தம் குத்தி, இரத்தம் உறையும் அளவைக் காட்டும் ஐ.என்.ஆர். முடிவு வரும் வரை வாங்கில் காத்திருந்து, கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டாம். தாய்மார் எத்தனை பேர் அரைப் பேராவது கிடைக்கட்டும் என்று கிளினிக்கைத் தள்ளிப்போட்டு, அதனாலேயே வாய் கோணி விழுந்திருக்கிறார்கள். அந்த ஊசிக்காக ஏங்குவதில் ஒரு பிழையும் இல்லை.

ஆனால் ஆறு மாதம் வேலை செய்யும் மருந்தை ஆறு மாதத்துக்கும் உடம்பிலிருந்து எடுக்க முடியாது. மலையில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டால், அவசரமாக வயிற்றைத் திறக்க வேண்டி வந்தால், அந்த மருந்து உள்ளேதான் இருக்கும். அதற்கு என்ன பதில் என்பதை ஆய்வாளர்கள் காட்ட வேண்டும். இதே முறையில் எதிர்த் திசையில் வேலை செய்யும் ஃபிட்டுசிரான் என்ற ஊசி, இரத்தம் உறையாத ஹீமோபீலியா நோயாளிகளுக்காகச் செய்யப்பட்டது. 2017 இல் ஒருவர் மூளை இரத்தக் குழாயில் கட்டி ஏற்பட்டு இறந்ததால் சோதனை நிறுத்திவைக்கப்பட்டது. விதிகளையும் அளவையும் மாற்றிச் சோதனையைத் தொடர்ந்தார்கள். 2025 மார்ச்சில்தான் அமெரிக்கா அதை அங்கீகரித்தது. இடையில் போன அந்த ஆண்டுகள் வீணானவை இல்லை.

உங்களில் உலோக வால்வு வைத்தவர்களும் வாதக் காய்ச்சலால் வால்வு சுருங்கியவர்களும் இன்னொன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பணக்கார நாடுகளில் வார்பரினுக்குப் பதிலாகப் புதிய குளிசைகள் வந்து பல வருஷம் ஆகிறது. அவை உலோக வால்வுக்கு உதவவில்லை. டபிகட்ரான் என்ற குளிசையை அந்த நோயாளிகளிடம் சோதித்தபோது கட்டியும் கூடியது, கசிவும் கூடியது, 2012 இல் சோதனையை நிறுத்தினார்கள். வாத இதய நோயோடு துடிப்புத் தாளம் தவறிய 4,500க்கு மேற்பட்டவர்களிடம், இந்தியா உட்பட 24 நாடுகளில், ரிவரொக்ஸபானை வார்பரின் வகை மருந்தோடு ஒப்பிட்டார்கள். டெல்லி எய்ம்ஸின் கணேசன் கார்த்திகேயன் அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர். 2022 இல் முடிவு வந்தது: பழைய மருந்து எடுத்தவர்களிடம்தான் இறப்பு குறைவு. அவர்களிடம் கசிவும் கூடவில்லை. ஏழைகளின் நோய் என்று ஒதுக்கப்பட்ட நோய்க்கு, ஏழை நாடுகளின் நோயாளிகளைச் சேர்த்தே பதில் கண்டுபிடித்த சோதனை அது. பணக்கார நாட்டு நோயாளிக்குச் சரியானது நமக்கும் சரியாக இருக்கும் என்று யாரும் எடுத்துக்கொள்ள முடியாது என்பதை அது எழுத்தில் நிறுவியது. ஆர்.என்.ஏ. மருந்துகளும் நம்மைப் போன்ற இதயங்களில் தனியாகச் சோதிக்கப்பட்டே ஆக வேண்டும்.

அப்படியானால் ஒரு நாள் அந்தச் சோதனை நம் நாட்டுக்கும் வரலாம். இலங்கையில் மருந்துச் சோதனை நடக்காமல் இல்லை. இரத்த அழுத்தத்துக்கு மூன்று மருந்தை ஒரே குளிசையில் சேர்த்துக் கொடுத்த சோதனை ஒன்று இங்குள்ள வைத்தியசாலைகளில் 700 பேரிடம் நடந்து, 2018 இல் முடிவு வெளியாகி, பல நாடுகளுக்குப் பயன்பட்டது. இலங்கை மருத்துவச் சங்கம் நடத்தும் மருந்துச் சோதனைப் பதிவேடு 2006 முதல் இருக்கிறது, அதை யாரும் பார்க்கலாம். 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டப்படி தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் அனுமதி இல்லாமல் சோதனை நடத்த முடியாது. சட்டம் இருக்கிறது. நமது பங்கும் இருக்கிறது.

யாராவது வந்து ஒரு சோதனையில் சேரச் சொன்னால், சேருவதும் சேராமல் விடுவதும் முழுக்க உங்கள் விருப்பம். சேராததால் உங்கள் கிளினிக் மருந்து நிற்கக் கூடாது, சேர்ந்த பிறகும் எந்த நாளிலும் விலகலாம். கொடுக்கும் படிவம் தமிழில் இருக்க வேண்டும். தமிழில் இருந்தும் விளங்கவில்லை என்றால், விளங்கும் வரை உட்கார்ந்து சொல்ல வேண்டியது அவர்களுடைய கடமை. இது எத்தனையாவது கட்டம், இதுவரை எத்தனை பேர் எடுத்திருக்கிறார்கள், இரத்தம் கசிந்தால் நிறுத்த மருந்து இருக்கிறதா, அந்த மருந்து டிக்கோயா கிளங்கன் ஆஸ்பத்திரியிலோ நாவலப்பிட்டியிலோ இருக்குமா, பாதிப்பு வந்தால் செலவு யாருடையது, சோதனை முடிந்த பிறகு மருந்து நமக்குத் தொடர்ந்து கிடைக்குமா என்று கேளுங்கள். எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள். நம் முன்னோர் துண்டு என்ற, தங்களால் வாசிக்க முடியாத கடன் சீட்டால் தலைமுறைக் கடனில் கட்டப்பட்டார்கள், அந்தத் துண்டு முறையை ஒழிக்க 1921 வரை ஆனது. விளங்காத காகிதத்துக்கு இனி இந்த மலையிலிருந்து ஒரு விரலும் மை தொடக் கூடாது.

சுகாதார அதிகாரிகளிடமும் தொழிற்சங்கத் தலைவர்களிடமும் நாம் சேர்ந்து கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது, அதற்குப் புதுக் கண்டுபிடிப்பு எதுவும் வேண்டாம். விரல் நுனியில் ஒரு துளி எடுத்து, நின்ற இடத்திலேயே ஐ.என்.ஆர். பார்க்கும் கையடக்கக் கருவி உலகில் பல வருஷமாகப் பாவனையில் இருக்கிறது. அதில் ஒன்றை நமக்குக் கிட்டிய ஆஸ்பத்திரிக்குக் கொடுங்கள், மாதத்தில் ஒரு நாளாவது தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கொண்டு வாருங்கள், கிளினிக் நாளுக்குப் பேர் போடுங்கள் என்று கேட்போம். 1969 இலிருந்து பொல்பிட்டிய மின்நிலையம் இந்த ஆற்றுத் தண்ணீரில் நாட்டுக்கு வெளிச்சம் கொடுக்கிறது. அந்த ஆற்றங்கரை மலைகளில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு துளி இரத்தம் பார்க்கும் வசதியைக் கேட்பது அதிகமில்லை.

ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது உங்கள் கொப்பியோடு சேர்த்து, கடைசியாகப் பார்த்த ஐ.என்.ஆர். எண், அதற்காக இழந்த பேர், போக வர ஆன பஸ் காசு ஆகிய மூன்றையும் ஒரு தாளில் குறித்து வாருங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பாடசாலைப் பிள்ளைகள் எழுதித் தருவார்கள். மனுவோடு அவற்றையும் இணைத்து அனுப்புவோம். அதுவரை, இரவுக் குளிசையை மறக்காமல் போடுங்கள்.

அன்புடன்,
பொல்பிட்டியவிலிருந்து ஒரு விஞ்ஞான ஆசிரியர்